கை நனைத்தவர்கள்

பழைய கேங்ஸ்டர் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கும். ரவுடியை இரண்டு மணி நேரம் ஹீரோவாக்கிக் கொண்டாடுகிறார்கள், இதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது ஒன்று. அதுதான் கடைசியில் செத்துப்போகிறானே, படம் நியாயத்தைச் சொல்லிவிட்டதே என்பது இன்னொன்று. எதிரும் புதிருமாக நின்றாலும் இருவர் கண்ணும் ஒரே ஆள் மேல்தான் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் என்ன செய்தான், அவனுக்கு என்ன ஆனது, அத்தோடு கணக்கு முடிந்தது. இந்த வாதம் எனக்கு என்றைக்குமே ஒப்பவில்லை. இந்த வகையின் நல்ல படங்கள் குற்றத்தின் கணக்கைத் தெருவில் எழுதுவதில்லை, வீட்டுக்குள்தான் எழுதுகின்றன. சுட்டவன் யார், செத்தவன் யார் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டி என்னென்ன உள்ளே வருகிறது, யார் அதை வாங்கிக்கொள்கிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். அதே படம் வேறு படமாகத் தெரியும்.

இதைச் சொல்ல நம்மிடம் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. மனத்தாங்கல் உள்ள வீட்டு விசேஷத்துக்குப் போவார்கள், மொய் எழுதுவார்கள், ஆனால் பந்தியில் உட்கார மாட்டார்கள். "அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் நடந்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அமெரிக்க கேங்ஸ்டர் படங்களை எடுத்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அவர்கள் எடுத்த காட்சி இதுதான்: ஒரு சாப்பாட்டு மேசை, சுற்றிலும் குடும்பம், கை நனைப்பதா வேண்டாமா என்ற கேள்வி.

அந்தக் காட்சிகளில் முதலில் வைக்க வேண்டியது வில்லியம் வெல்மன் இயக்கி, 1931-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'தி பப்ளிக் எனிமி'. சிகாகோவில் ஒரு போலீஸ்காரரின் மகன் டாம் பவர்ஸ். நடித்தவர் ஜேம்ஸ் காக்னி. படம் 1909-ல் தொடங்கி 1915, 1917, 1920 என்று ஆண்டு ஆண்டாக எழுத்துப் போட்டு நகர்கிறது. அப்பா வரும் காட்சி கொஞ்சம்தான். சீருடையோடு வாசலுக்கு வருகிறார், ஒரு வார்த்தை பேசாமல் தோல் வாரை எடுக்கிறார், சிறுவனை உள்ளே கூட்டிப் போய் அடிக்கிறார். இந்தத் தடவை கால்சட்டை மேலேயா, கீழேயா என்று அவனே அலட்சியமாகக் கேட்கிறான், அத்தனை முறை வாங்கிப் பழகியிருக்கிறான். அந்த வீட்டுக்குள் சட்டம் நுழைந்தது அந்த ஒரு வடிவத்தில்தான். அப்பா அடித்ததால் பையன் கெட்டான் என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. அதே வீட்டில் அதே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் மைக் பகலில் டிராம் வண்டியில் வேலை பார்த்துவிட்டு இரவுப் பள்ளிக்கூடம் போகிறான். ஏழையாக இருப்பது எப்படி என்று அண்ணன் படித்துக்கொண்டிருக்கிறான் என்கிறான் டாம். அந்தக் காலத்தில் அரங்கில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு இது சுருக்கென்று தைத்திருக்கும். 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு வேலையில்லாமல் நின்றவர்கள் அவர்கள்.

ஊரையும் படம் விட்டுவைக்கவில்லை. 1920 ஜனவரியில் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வருவதற்கு முந்தைய இரவு. கடையில் இருக்கும் சரக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடுகிறது கூட்டம். பூக்கடை வண்டிக்காரன் பூவையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டி பெட்டியாகப் பாட்டில் ஏற்றுகிறான். குழந்தைத் தள்ளுவண்டியில் பாட்டில்கள் போகின்றன. ஒரு நிமிடம் ஓடினால் அதிகம், அப்படி ஒரு காட்சி. டாமின் தொழிலுக்கு வாடிக்கையாளர்கள் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. கும்பல்கள் எங்கிருந்தோ வந்து ஊரைப் பிடித்துக்கொள்ளவில்லை. குடிப்பதை நிறுத்த மனமில்லாத ஊருக்குச் சரக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆள் தேவைப்பட்டது, அந்த வேலைக்கு ஆட்கள் கிடைத்தார்கள். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீக்கப்படும்வரை 13 ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்தது.

இனி அந்த மேசை. முதல் உலகப் போரில் அடிபட்டு மைக் வீடு திரும்புகிறான். வரவேற்பு விருந்து. டாமும் அவன் கூட்டாளி மேட்டும் ஒரு பீர் பீப்பாயைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கிறார்கள். பீப்பாய் அத்தனை பெரிது, எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வசனம் எழுத வேண்டிய அவசியமே வெல்மனுக்கு இல்லை. எல்லோர் கோப்பையும் நிறைகிறது, மைக்கின் கோப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை என்று தம்பி வற்புறுத்த, கடைசியில் வெடிக்கிறான்: அந்தப் பீப்பாயில் இருப்பது வெறும் பீர் இல்லை, மனிதர்களின் ரத்தமும் கலந்திருக்கிறது. பீப்பாயைத் தூக்கித் தரையில் அடிக்கிறான். டாமின் பதில் அதைவிடக் கூர்மை. உன் கை மட்டும் சுத்தமா? ஜெர்மன்காரர்களோடு கை கோத்துக்கொண்டு நின்றதற்கா உனக்குப் பதக்கம் கொடுத்தார்கள்? நீயும் கொன்றாய். இந்தப் பதிலுக்கு மைக்கிடம் மறுமொழி இல்லை, படத்திடமும் இல்லை. அரசு சொல்லிக் கொன்றதற்கும் கும்பல் சொல்லிக் கொன்றதற்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியை, போர் முடிந்து 13 வருடம்கூட ஆகாத ஊரில் அந்தப் பந்தி நடுவில் போட்டுவிட்டுப் படம் நகர்ந்துபோகிறது.

அம்மாவைப் பாருங்கள். பெரில் மெர்சர் நடித்த அந்த அம்மாவை அசடு என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. அவள் அசடு இல்லை. காசு எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறைகூட அவள் கேட்பதில்லை, அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அவளுக்குப் போதும். பிறகு ஒரு நாள் டாம் அம்மாவிடம் பணம் கொடுக்க வருகிறான். அதற்குள் மைக் வந்துவிடுகிறான். அந்தக் காசு இந்த வீட்டுக்கு வேண்டாம் என்கிறான். டாம் நோட்டுகளைக் கிழித்து அண்ணன் முகத்தில் எறிந்துவிட்டுப் போகிறான். மைக் கை நனைக்க மறுத்தவன், சந்தேகமில்லை. ஆனால் அவன் மறுப்பால் அம்மாவுக்குக் கிடைத்தது என்ன? ஒரு பிள்ளையின் பிரிவு. நேர்மையாக இருப்பவனுக்கும் அந்த வீட்டில் நிம்மதி கிடையாது. குற்றவாளியின் குடும்பம் என்றாலே ஒன்று அப்பாவிகள், இல்லையென்றால் கூட்டாளிகள் என்று பிரித்துவிடுகிறோம். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிற மைக் மாதிரி ஆட்களுக்கு அந்தப் பிரிவினையில் இடமே இல்லை.

முடிவுக்கு வருகிறேன். என் கணக்கில் இந்த வகைப் படங்கள் மொத்தமும் திரும்பிய இடம் இந்த 4 நிமிடம்தான். டாம் எதிர்க் கும்பலோடு மோதிக் குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், தலை முழுக்கக் கட்டு. அம்மா வருகிறாள், அண்ணன் வருகிறான், சமாதானமாகிறார்கள். வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்கிறான். இரண்டு பிள்ளைகளும் திரும்பக் கிடைத்துவிட்டார்கள் என்று அவள் முகம் மலர்கிறது. அதற்குப் பிறகு எதிர்க் கும்பல் அவனை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிப்போகிறது. டாமின் முதலாளி பேடி ரயன் தன் தொழிலையே விட்டுத்தருகிறேன், அவனைக் கொண்டுவந்து விடுங்கள் என்று பேரம் பேசியிருக்கிறான். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தொலைபேசி அடிக்கிறது. டாமை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று செய்தி. அம்மா மாடிக்கு ஓடுகிறாள். படுக்கையை உதறி விரிக்கிறாள், தலையணையைத் தட்டிப் போடுகிறாள், வாயில் பாட்டு முணுமுணுக்கிறாள். கீழே கிராமபோனில் நீர்க்குமிழி ஊதுவதைப் பற்றிய அந்தக் காலத்து ஜாலியான பாட்டு ஓடுகிறது.

கதவு தட்டும் சத்தம். மைக் போய்த் திறக்கிறான். வாசலில் டாம் நிற்கிறான். போர்வை சுற்றி, கயிற்றால் கட்டி, தலையில் ஆஸ்பத்திரிக் கட்டோடு, பொட்டலம் மாதிரி. ஒரு கணம் நின்றபடியே ஆடுகிறது அந்த உடல். அப்புறம் முகம் குப்புற வீட்டுக்குள்ளேயே விழுகிறது. மைக் குனிந்து பார்க்கிறான், எழுகிறான், நம்மை நோக்கித் தள்ளாடி நடந்து வருகிறான். இசைத்தட்டு முடிந்து ஊசி மட்டும் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருக்கிறது. மாடியில் அம்மா இன்னும் படுக்கையைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

இதில் போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, குண்டு வெடிக்கும் சத்தம்கூட இல்லை. காட்சிக்கென்று தனி இசை இல்லை, வீட்டுக்குள் ஓடும் இசைத்தட்டு மட்டும்தான். அவனை எப்படிக் கொன்றார்கள் என்று காட்டவில்லை. சாவு நடந்த இடம் நமக்குத் தேவையில்லை, அது போய்ச் சேர்ந்த விலாசம்தான் முக்கியம் என்று வெல்மன் முடிவு செய்திருக்கிறார். டாமுக்கு வலி முடிந்துவிட்டது. இன்னும் சில நொடிகளில் அந்தப் படிகளில் யாரோ ஏறிப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்த நொடிகளைப் படம் நமக்குக் காட்டாமல் விட்டதால்தான் 90 வருடங்களுக்குப் பிறகும் அந்த ஊசிச் சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 'கடைசியில் செத்துவிட்டான், நியாயம் கிடைத்தது' என்கிறவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை மாடியிலிருந்து பார்க்க வேண்டும். யாருக்குக் கிடைத்த நியாயம் இது?

சென்சார் பார்த்தது வேறு

இதே காலத்தில் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'ஸ்கார்ஃபேஸ்' 1932-ல் வந்தது. சென்சார் அதைப் படுத்திய பாட்டைப் பார்த்தால் அதிகாரிகள் எங்கே கண் வைத்திருந்தார்கள் என்பது புரியும். தலைப்போடு 'தேசத்தின் அவமானம்' என்ற பொருளில் ஒரு வால் ஒட்டப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் பத்திரிகை அதிபரின் அறையில் கூடிக் கண்டனம் தெரிவிக்கும் ஒரு காட்சி செருகப்பட்டது. அதை ஹாக்ஸ் எடுக்கவே இல்லை. படத்தின் ரவுடி டோனி தெருவில் சுடப்பட்டு விழும் முடிவு போதாது என்று, அவனை நீதிமன்றத்தில் நிறுத்தித் தூக்கில் போடும் மாற்று முடிவு ஒன்றும் தயாரானது. அதில் நாயகன் பால் முனியின் முகமே கிடையாது, அவருக்குப் பதில் வேறொருவர் உடலை வைத்து ஒப்பேற்றினார்கள். செத்தால் போதாது, அரசாங்கத்தின் கையால் சாக வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை.

இத்தனை திருத்தம் செய்தவர்கள் தொடாமல் விட்ட இடத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. டோனி தங்கை செஸ்காவின் கையில் பணத்தைத் திணிக்கிறான். இனி எந்த ஆணோடும் உன்னைப் பார்க்கக் கூடாது என்பது அதோடு வரும் நிபந்தனை. அவன் யாருக்கும் சும்மா பணம் கொடுப்பவன் இல்லை என்று அம்மா மகளை எச்சரிக்கிறாள். பிறகு மகள் யாருடனோ தனியாகக் குடியிருக்கிறாள் என்று தெரிந்ததும், அதே அம்மா பதறிப்போய் டோனியிடம்தான் சொல்கிறாள். வேறு யாரிடம் சொல்ல முடியும்? டோனி போய்க் கதவைத் தட்டுகிறான். திறந்தவன் அவனுடைய வலது கை மாதிரி இருந்த ரினால்டோ. எப்போதும் நாணயத்தைச் சுண்டிப் பிடித்துக்கொண்டே இருப்பவன். குண்டு பாய்ந்ததும் நாணயம் கீழே விழுகிறது. நேற்றுத்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது என்று அழுகிறாள் செஸ்கா. மகளைக் காப்பாற்ற நினைத்த தாயின் வார்த்தையே மருமகனின் உயிரை எடுத்திருக்கிறது. வன்முறையை ஒரு தடவை வீட்டுக்குள் விட்டுவிட்டால், அதன் பிறகு வீட்டில் பேசும் சாதாரணப் பேச்சுக்குக்கூட ஆபத்து வந்துவிடும். டோனி மாதிரி ஆளிடம் தாய் புலம்புவதும் ஓர் உத்தரவாகிவிடுகிறது.

ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930-லேயே எழுதப்பட்டிருந்தாலும், 1934 ஜூலையிலிருந்துதான் இறுக்கிப் பிடிக்கப்பட்டன. குற்றத்தின் மேல் அனுதாபம் வரக்கூடாது, பார்ப்பவருக்கு அதேபோல் செய்யும் ஆசை வரக்கூடாது என்பது விதி. அந்த விதிக்குள் வந்த படங்களில் பல சவசவ என்று இருக்கும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: மைக்கேல் கர்டிஸின் 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்', 1938. இரண்டு சிறுவர்கள் ரயில் பெட்டியில் பேனா திருடப் போகிறார்கள். ஒருவன் வேகமாக ஓடித் தப்பிப் பாதிரியார் ஆகிறான். மற்றவன் ராக்கி மாட்டிச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து முழு ரவுடியாக வெளியே வருகிறான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் கால் வேகம் மட்டும்தான் என்று படம் வாய்விட்டே சொல்கிறது. இங்கே ராக்கிக்கு வீடு கிடையாது, அம்மா கிடையாது. அவனை வாயைப் பிளந்து பார்க்கும் தெருப் பையன்கள்தான் குடும்பம். மின்சார நாற்காலிக்குப் போகும் முன் பாதிரியார் நண்பன் ஒன்று கேட்கிறான்: கோழையாகச் சாவு, இந்தப் பிள்ளைகள் உன்னை வெறுக்கட்டும். ராக்கி கதறுகிறான், சுவரில் நிழல் மட்டும் தெரிகிறது. நிஜமாகவே பயந்தானா, நண்பனுக்காக நடித்தானா? கர்டிஸ் முகத்தைக் காட்டாமல் விட்டதால் நமக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் பையன்கள் வாழும் நெருக்கடியான தெருவும், இன்னொருவனை உருவாக்கக் காத்திருக்கும் சீர்திருத்தப் பள்ளியும் அப்படியே இருக்கின்றன. மாறுவது ஒருவனைப் பற்றி அவர்கள் கேள்விப்படும் கதை மட்டும்தான். அந்தக் காலத் தணிக்கையின் எல்லை அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே கர்டிஸ் அதை அம்பலப்படுத்தியும்விட்டார்.

மூன்று அம்மாக்கள்

'லிட்டில் சீசர்' 1931 ஜனவரியில் வந்தது. கும்பலின் வண்டியோட்டி டோனி பாஸா கொள்ளைக்குப் பிறகு வீட்டில் சுருண்டு கிடக்கிறான். என்ன நடந்தது என்று தெரியாத அம்மா, அடுப்பில் ஸ்பகெட்டி இருக்கிறது, சாப்பிட்டால் தெம்பு வரும் என்கிறாள். சின்ன வயசில் தேவாலயத்தில் நீ எவ்வளவு அழகாகப் பாடுவாய் என்று நினைவுபடுத்துகிறாள். அந்தப் பேச்சுத்தான் அவனைப் பாதிரியாரைத் தேடிப் போக வைக்கிறது, தேவாலயப் படிக்கட்டிலேயே படத்தின் நாயகன் ரிக்கோ அவனைச் சுட்டுத் தள்ளுகிறான். பிறகு அதே கும்பல் பிரமாதமாகச் சவ ஊர்வலம் நடத்துகிறது. மலர் வளையத்துக்குச் செலவழித்த காசு யாருடையது என்று அந்தத் தாயிடம் யாரும் சொல்லப்போவதில்லை.

18 வருடம் கழித்து அதே காக்னி, 1949-ல் ரவுல் வால்ஷின் 'வைட் ஹீட்' படத்தில் கோடி ஜாரட்டாக வருகிறார். இந்த அம்மா படுக்கை விரித்துக்கொண்டு காத்திருப்பவள் இல்லை, கும்பலில் மகனுக்கு அடுத்த இடம் அவளுக்குத்தான். மகனுக்கு ஸ்ட்ராபெரி பிடிக்கும் என்று வாங்கப் போகிறாள், அந்தப் பயணத்தில்தான் போலீஸ் அவள் காரைப் பின்தொடர்கிறது. சிறைச் சாப்பாட்டுக்கூடத்தில், புதிதாக வந்த கைதியிடம் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கோடி கேட்டனுப்புகிறான். கேள்வி வாய் மாறி வாய் மாறி நீள மேசையின் அந்தக் கோடிவரை போகிறது. பதில் அதே வழியில் ஒவ்வொரு காதாகத் திரும்பி வருகிறது: இறந்துவிட்டாள். காக்னி எழுப்பும் அந்த ஓலம் மனிதக் குரல் போலவே இருக்காது. மகனைக் கெடுத்ததே அந்தத் தாய்தான் என்று சொல்லலாம், உண்மைதான். அந்த ஓலத்தைக் கேட்டபின் அவ்வளவோடு நிறுத்திக்கொள்ள முடிவதில்லை.

மூன்றாவது அம்மா மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'குட்ஃபெல்லாஸ்', 1990. நள்ளிரவு. கார் டிக்கியில் அடித்துப் போட்ட ஓர் ஆள். புதைக்க மண்வெட்டி வேண்டும் என்று டாமி தன் அம்மா வீட்டுக்கு வருகிறான். சத்தம் கேட்டு அவள் விழித்துக்கொள்கிறாள். பிள்ளைகள் பசியோடு வந்திருக்கிறார்களே என்று அந்த வேளையிலும் சமைத்துப் போட்டுவிடுகிறாள், எப்போது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய் என்று கேட்கிறாள், தான் வரைந்த ஓவியத்தைக் காட்டுகிறாள். நடித்தவர் ஸ்கார்செஸியின் சொந்த அம்மா கேத்தரின். அதனால்தான் அந்தச் சமையலறையில் நடிப்பு வாடையே இல்லை. போகும்போது டாமி அம்மாவின் சமையல் கத்தியை இரவல் கேட்கிறான். வண்டியில் மான் அடிபட்டு மாட்டிக்கொண்டது என்கிறான். அவளும் கொடுக்கிறாள். டிக்கியில் இருப்பவனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்துகிறார்கள். 1931-ல் மேசை மேல் ரத்தம் இருக்கிறது என்று கத்த ஒரு மைக் இருந்தான். இந்த மேசையில் அப்படி யாரும் இல்லை. எல்லோரும் கை நனைத்தாகிவிட்டது. நாலு பேர் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார்கள், அதைவிட பயங்கரமான காட்சி அந்தப் படத்தில் இல்லை என்பேன்.

ஐந்து வருடம் என்ற வாக்கு

'காட்ஃபாதர்' பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதனால் கதவுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். 1972-ல் வந்த முதல் பாகம், வெளியே வெயிலில் கல்யாணம், உள்ளே திரை மூடிய அறை என்று தொடங்குகிறது. போனசேரா என்ற பிணச் சடங்குக்காரர் மகளுக்காக நீதி கேட்டு வந்திருக்கிறார். அவர் முதலில் போலீஸுக்குத்தான் போனார். மகளை அடித்து முகத்தைச் சிதைத்தவர்களுக்கு நீதிபதி 3 வருடத் தண்டனை கொடுத்து, அதையும் நிறுத்திவைத்தார். அன்றே அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மாஃபியா தலைவர் டான் விட்டோவின் கதவைத் தட்டுகிறார். நீதிமன்றம் கைவிட்ட இடத்தில்தான் இந்தத் தொழிலுக்கு அடித்தளம் விழுகிறது என்பதை இயக்குநர் கொப்போலா முதல் காட்சியிலேயே வைத்துவிட்டார்.

ஆனால் இன்னொருவர் மகளுக்கு நீதி வாங்கிக்கொடுக்கும் வீட்டில், அன்றைக்குக் கல்யாணமான சொந்த மகள் கோனி என்ன ஆகிறாள்? புருஷன் கார்லோ அடிக்கிறான். அண்ணன் சானி அவனைத் தெருவில் போட்டு மிதிக்கிறான். அடி நிற்கவில்லை, அதற்கு ஒரு விலை கூடியது, அவ்வளவுதான். அவளை அடித்தால் சானி ஆத்திரத்தில் காவலில்லாமல் ஓடிவருவான் என்பது எதிரிக்குத் தெரிந்துவிட்டது. கோனி அழுதுகொண்டு போன் செய்ய, சானி சுங்கச்சாவடியில் சல்லடையாகிறான். பிறகு இன்னொரு அண்ணன் மைக்கேல், கார்லோவின் குழந்தைக்கே ஞானத்தந்தையாக நின்றுவிட்டு, அன்றே கார்லோவைக் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்கிறான். அண்ணனும் போய், புருஷனும் போய், கையில் குழந்தையோடு நிற்பவள் கோனிதான். குடும்பத்துக்காக, குடும்பத்துக்காக என்று மூன்று மணி நேரம் பேசும் ஆண்கள், அந்தக் குடும்பத்தில் அடிபட்ட ஒரே பெண்ணை ஒரு தரம்கூட நேராகக் காப்பாற்றவில்லை.

மைக்கேல் காதலி கேயிடம், ஐந்து வருடத்தில் எல்லாம் சட்டபூர்வமான தொழிலாக மாறிவிடும் என்று வாக்குக் கொடுத்துத்தான் திருமணம் செய்கிறான். முதல் பாகத்தின் கடைசியில் நீ கார்லோவைக் கொன்றாயா என்று அவள் கேட்க, இல்லை என்கிறான். அடுத்த அறையில் ஆட்கள் வந்து அவன் கையை முத்தமிடுகிறார்கள், அவள் முகத்துக்கு நேராகக் கதவு சாத்தப்படுகிறது. 1974-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் அந்த வாக்கை நினைவுபடுத்துகிறாள்: சொல்லி ஏழு வருடம் ஆகிவிட்டது. பிறகு கருக்கலைப்பு, பிரிவு. பிள்ளைகளைப் பார்க்கத் திருட்டுத்தனமாக வந்தவளின் முகத்துக்கு நேராக இந்தத் தடவை மைக்கேலே கதவைச் சாத்துகிறான். குடும்பத்துக்காக வலுவாக நின்று, அதனாலேயே குடும்பத்தை இழந்துவிட முடியுமா என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்கிறான். குடும்பத்தை இழக்கவே முடியாதப்பா என்கிறாள் அந்தப் பழைய காலத்து மனுஷி. அந்த அம்மாவின் உடல் வீட்டில் கிடக்கும்போதுதான் அண்ணன் ஃப்ரேடோவின் சாவு முடிவாகிறது.

செத்தவன் வீடு

இத்தனை நல்ல படங்களிலும் ஒரு குறை எனக்கு உண்டு. கொல்லுபவனின் வீடு நமக்கு அத்துபடி. சமையலறை எங்கே, மாடிப்படி எங்கே என்றுகூடத் தெரியும். செத்தவனின் வீடு? காட்ஃபாதரின் ஞானஸ்நானக் காட்சியில் வரிசையாகச் சாகிறவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்தார்களா? உணவகத்தில் மைக்கேல் சுட்ட போலீஸ் கேப்டன் வீட்டில் அன்றிரவு யார் காத்திருந்தார்கள்? கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லை. அங்கே போயிருந்தால் நம் அனுதாபம் அறுந்திருக்கும். அனுதாபம் அறுந்தால் படம் நிற்காது என்ற பயம் எடுப்பவர்களுக்கு இருந்திருக்கும்.

அந்தக் கதவைத் தட்டிய படம் தமிழில் வந்தது. 1987-ன் 'நாயகன்'. பம்பாயின் வரதராஜ முதலியாரின் வாழ்க்கையை ஒட்டி மணிரத்னம் எடுத்தது, காட்ஃபாதரின் சாயலும் உண்டு. தாராவியில் தன்னை வளர்த்த ஹுசைன் பாயை லாக்கப்பில் கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கரை வேலு பட்டப்பகலில் நடுத்தெருவில் அடித்துக் கொல்கிறான். சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அரங்கில் கைதட்டல் எழும் இடம் அது. கைதட்டல் அடங்குவதற்குள் வேலு கேல்கரின் மனைவியையும், மனவளர்ச்சி குன்றிய மகன் அஜித்தையும் பார்க்க நேர்கிறது. அவன் கொன்றது கெட்ட போலீஸ்காரனை மட்டுமில்லை, ஒரு குழந்தையின் அப்பாவையும்தான். அந்தக் குடும்பத்தை அவன் தாங்க ஆரம்பிக்கிறான்.

தன் வீடு மட்டும் தப்பித்ததா? மனைவி நீலாவைப் போட்டிக் கும்பல் கொல்கிறது. பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்துத் தூரத்தில் வைத்துப் பார்க்கிறார் வேலு நாயக்கர். மகன் சூர்யா திரும்பி வந்து அப்பாவின் தொழிலிலேயே இறங்கி, தீயில் கருகிப் பிணமாக வீடு வருகிறான். மகள் சாருமதி இந்தக் குடும்பத்தின் மைக். நிறுத்துங்கள் என்கிறாள். எதிரில் இருப்பவனை முதலில் நிறுத்தச் சொல், நான் நிறுத்துகிறேன் என்கிறார் அப்பா. அந்தப் பதிலைப் பஞ்ச் வசனமாக ஊரே மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. அவள் கேட்ட கேள்வி யாருக்கும் ஞாபகம் இல்லை. கேள்வி கேட்டவள் வீட்டை விட்டுப் போய், பின்னாளில் அப்பாவைப் பிடிக்க வரும் போலீஸ் அதிகாரியின் மனைவியாக இருக்கிறாள். பேரன் வந்து நீங்க நல்லவரா, கெட்டவரா என்று கேட்கும்போது நாயக்கர் தெரியலையேப்பா என்கிறார். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவர் அவர்.

நீதிமன்றம் அவரை விடுவிக்கிறது, சாட்சி இல்லை. வெளியே ஜனம் ஆர்ப்பரிக்கிறது. கூட்டத்திலிருந்து சுட்டது போட்டிக் கும்பல் இல்லை, போலீஸும் இல்லை, அஜித். நாயக்கர் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளை. தன் அப்பாவைக் கொன்றது யார் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடம் அந்த வீட்டுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது, நாயக்கரும் போய்வந்துகொண்டிருந்தார். நடந்ததை மட்டும் அந்தப் பையனிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.